ஒலி வரைந்தது, துளை திருத்தியது: ராஸ் கடலடிப் படிவுகளின் கதை



நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு இந்த அரங்கில் இருப்பவர்கள் அநேகமாகப் போயிருக்கமாட்டீர்கள். நியூசிலாந்திலிருந்து தெற்கே, இன்னும் தெற்கே என்று போய்க்கொண்டே இருந்தால் கப்பல் கடைசியாகப் போய் நிற்கும் கடல் அது. ராஸ் கடல் என்று பெயர். 1841இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு அதற்குள் நுழைந்தார். புகைந்துகொண்டிருந்த ஒரு எரிமலையைக் கண்டு அதற்கு ஒரு கப்பலின் பெயரை வைத்தார். பக்கத்து மலைக்கு மற்றக் கப்பலின் பெயர். அதற்கப்பால் போக முடியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பனிச்சுவர். அந்தச் சுவர், பரப்பில் ஏறக்குறைய பிரான்ஸ் நாட்டளவு உள்ள மிதக்கும் பனித்தட்டின் முன்விளிம்பு.

அவருடைய கப்பல்களுக்கு அடியில் ஏறத்தாழ 500 மீட்டர் தண்ணீர் இருந்திருக்கும். தண்ணீருக்கு அடியில், அந்த எரிமலைக்கு வடக்கே விக்டோரியா லேண்ட் படுகை என்று இன்று சொல்லும் பகுதியில், சேறும் மணலும் கூழாங்கல்லும் எரிமலைச் சாம்பலுமாக அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுகள். தடிமன் சில இடங்களில் 14 கிலோமீட்டர் வரை. இதை யாரும் அடிவரை தோண்டிப் பார்த்ததில்லை. ராஸ் கடல் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற நீளமான துளையே 1,285 மீட்டர்தான். மிச்சமெல்லாம் ஒலி சொல்லித் தெரிந்துகொண்டது.

ஒலி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுகையின் வடிவத்துக்கு ஒலி அருமையான சாட்சி. அடுக்குகளின் வயதுக்கு அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே கூடாது. ராஸ் கடலின் ஐம்பதாண்டு ஆய்வு வரலாற்றில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட இடங்களில்தான் பெரிய ஆச்சரியங்கள் காத்திருந்தன.

முதலில் படுகை எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். அண்டார்டிகாவைக் குறுக்கே வெட்டி 3,500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. கண்டக்குறுக்கு மலைகள் என்று வைத்துக்கொள்வோம். சிகரங்கள் 4,500 மீட்டரையும் தொடுகின்றன. இமயமலைபோல இரண்டு நிலங்கள் மோதி எழுந்த மலை அல்ல இது. கிழக்கு அண்டார்டிகாப் பக்கம் பழைய, தடித்த கண்டம். மேற்கு அண்டார்டிகாப் பக்கம் இழுபட்டு மெலிந்த நிலம். இரண்டும் பிரியும் விளிம்பு நிமிர்ந்து நிற்கிறது. மேற்கு அண்டார்டிகாப் பக்கம் நிலமேலோடு இழுவையில் மெலிந்து சுமார் 20 கிலோமீட்டர் தடிமனுக்கு வந்துவிட்டது. மெலிந்த மேலோடு தாழும். தாழ்ந்த இடத்தில் கடல் புகும், ஆறும் பனியும் கொண்டுவரும் மண் சேரும், அந்தப் பாரம் மேலும் தாழ்த்தும். இதைத்தான் பிளவுப் படுகை என்கிறோம்.

ராஸ் கடலில் இந்த இழுவை ஒரே மூச்சில் நடக்கவில்லை. ஏறத்தாழ 10.5 கோடியிலிருந்து 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நியூசிலாந்து அண்டார்டிகாவை விட்டுப் பிரிவதற்கு முந்தைய கட்டத்தில், பரந்த பகுதி முழுவதும் இழுபட்டது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 4.3 கோடியிலிருந்து 2.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மீண்டும் ஒரு இழுவை; இந்த முறை மேற்கு ஓரத்தில் மட்டும். வடக்கே அடேர் பள்ளம் என்ற இடத்தில் அப்போது புதிய கடல்தரையே உருவானது. இந்த இழுவைகளின் விளைவாக வடக்குத் தெற்காக நீண்ட சில தொட்டிகள், அவற்றுக்கிடையே மேடுகள். மேற்கில் விக்டோரியா லேண்ட் படுகை, அதற்கு வடக்கே வடக்குப் படுகை, நடுவே மத்தியத் தொட்டி, கிழக்கில் கிழக்குப் படுகை. பெயர் வைத்தவர்கள் கற்பனைக்குப் பெரிதாக வேலை கொடுக்கவில்லை.

இந்த வடிவம் நமக்குப் புதியதல்ல. காவிரிப் படுகையும் பிளவில் பிறந்ததுதான். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது, இந்தியா அண்டார்டிகாவின் கிழக்குப் பக்கத்திலிருந்து விலகத் தொடங்கிய காலத்தில், தஞ்சைக்கும் நாகைக்கும் அடியில் இதே மாதிரி தொட்டிகளும் மேடுகளும் உண்டாயின. டெல்டாவில் வயல் நடுவே வரிசையாகக் குழி போட்டு, சிறு வெடி வைத்து, கேபிள் இழுத்துப் போன எண்ணெய் நிறுவனத்து ஆட்களைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அவர்கள் செய்ததும் நான் சொல்லப்போவதும் ஒரே வேலை. அங்கே பனி இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' கொஞ்சம் பெரியது.

கடலில் வேலை இப்படி நடக்கும். கப்பலின் பின்னால், சில மீட்டர் ஆழத்தில், காற்றுத் துப்பாக்கிகள் எனும் உலோக உருளைகளை இழுத்துப் போவார்கள். சதுர அங்குலத்துக்கு சுமார் 2,000 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த காற்றை அவை ஒரே நொடியில் வெளியே விடும். எழும் ஒலி கீழே போகும். ஒவ்வொரு அடுக்கின் எல்லையிலும் அதில் சிறு பங்கு திரும்பி வரும். பின்னால் மிதக்கும் நீண்ட கேபிளில் வரிசையாகப் பொருத்திய ஹைட்ரோஃபோன்கள் அதைப் பதிவு செய்யும். சில விநாடிக்கு ஒரு முறை வெடிப்பு, இரவு பகலாக, நேர்கோட்டில். ஒரே இடத்திலிருந்து பல கோணங்களில் வந்த பதிவுகளைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தால் இரைச்சல் அடங்கி எதிரொலி தெளியும்.

கிடைக்கும் படத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அதைப் பாறையின் புகைப்படம் என்றே நினைப்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாய் நெருக்கமான கோடுகள், சில இடத்தில் வளைந்து, சில இடத்தில் அறுந்து. ஆனால் படத்தின் நிமிர்ந்த அச்சைக் கவனியுங்கள். அதில் மீட்டர் இருக்காது, விநாடி இருக்கும். ஒலி போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம். கடல்தரைக்குக் கீழே இரண்டு விநாடியில் ஒரு கோடு என்றால் அது எவ்வளவு ஆழம்? படிவில் ஒலி விநாடிக்கு 2,000 மீட்டர் வேகத்தில் போனால் 2 கிலோமீட்டர். 3,000 மீட்டர் வேகம் என்றால் 3 கிலோமீட்டர். ஒரே கோடு, ஆழத்தில் ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். வேகத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் இல்லாத மேடு படத்தில் எழும், இருக்கிற பள்ளம் காணாமல் போகும்.

எவ்வளவு மெல்லிய அடுக்கைப் பார்க்க முடியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலி, வேகம் 2,000 மீட்டர் என்றால் அலைநீளம் 40 மீட்டர். அதில் கால் பங்கு, 10 மீட்டர், பிரித்தறியக்கூடிய மிகச்சிறு தடிமன். ஆழம் போகப் போக உயர் அதிர்வெண்கள் உறிஞ்சப்பட்டுவிடும், வேகமும் கூடும். 20 ஹெர்ட்ஸும் 4,000 மீட்டரும் என்று எடுத்தால் அதே கணக்கில் 50 மீட்டர். ஆக, மேலே பத்து மீட்டர், கீழே ஐம்பது மீட்டர். பல ஆயிரம் ஆண்டுப் படிவு முழுவதும் ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடலாம்.

பனி நாட்டில் இதற்கு மேலும் தொல்லைகள். மற்றக் கண்டங்களின் ஓரத்துக் கடல்தரை கரையிலிருந்து வெளியே போகப் போக ஆழமாகும். அண்டார்டிகாவில் தலைகீழ், கரைப்பக்கம்தான் ஆழம். பனிப்பாளங்கள் தரையோடு உராய்ந்து வெளியே நகர்ந்த காலங்களில் உட்பக்கத்தைச் சுரண்டி வெளியே கொட்டியதால் வந்த வடிவம் அது. அதே பாளங்கள் கடல்தரையை மிதித்து இறுக்கியும் வைத்திருக்கின்றன. இறுகிய தரையில் ஒலியின் பெரும்பங்கு உள்ளே போகாமல் மேலேயே திரும்பிவிடும். திரும்பியது நீர்ப்பரப்பில் மோதி மறுபடி கீழே போகும், மறுபடி வரும். படத்தில் கடல்தரையின் நிழல் இரண்டாவது, மூன்றாவது தடவையாக, உண்மையான அடுக்குகளின் மேலேயே விழும். அதைக் கழிப்பதற்கென்றே கணினியில் தனி வேலை. கழிக்கத் தெரியாதவர் கையில் அந்த நிழலும் ஒரு புவியியல் அடுக்காக மாறிவிடும்.

கடற்பனி வேறு கேபிளை அறுக்கும். திமிங்கலங்கள் கண்ணில் பட்டால் வெடிப்பை நிறுத்தவேண்டும். தொடங்கும்போதும் மெல்லத் தொடங்கி, அவை விலகிப்போக அவகாசம் தரவேண்டும். இது சரியான விதி என்றுதான் நினைக்கிறேன்.

பனித்தட்டின் மேல் நின்று செய்வது தனிக்கலை. பனியில் குழி போட்டு வெடி வைப்பார்கள். எதிரொலியைப் பதியும் ஜியோஃபோன்களைப் பனியில் புதைப்பார்கள். பனிக்கட்டியில் ஒலி விநாடிக்கு சுமார் 3,800 மீட்டர் போகும், அடியிலுள்ள தண்ணீரில் 1,500 மீட்டருக்குக் கீழே. இரண்டு எல்லைக்கும் நடுவே ஒலி மாறி மாறிக் குதிக்கும். இதே முறையில்தான் 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி சார்லஸ் பென்ட்லி முதலானோர் மேற்கு அண்டார்டிகாவின் குறுக்கே பனிவண்டிகளில் பயணம் செய்து பனியின் தடிமனை அளந்தார்கள். பனிக்கு அடியில் நிலம் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, கடல்மட்டத்துக்கு வெகு கீழே கிடப்பது தெரிந்தது. பென்ட்லியின் பெயரால் வழங்கும் பள்ளத்தின் அடி, கடல்மட்டத்துக்கு 2,500 மீட்டருக்கும் கீழே. அதுவும் இந்தப் பிளவு மண்டலத்தில் சேர்ந்ததுதான்.

இனிப் படத்தை வாசிக்கும் முறை. பிளவு இழுபட்டுக்கொண்டிருக்கும்போது சேர்ந்த படிவு ஆப்பு வடிவில் இருக்கும். ஒரு பக்கம் நிலம் முறிந்து இறங்கிக்கொண்டே இருப்பதால் முறிவுக்கு அருகில் தடிமன் அதிகம், விலக விலகக் குறைவு. இழுவை நின்றபின் சேர்ந்தவை அதன்மேல் சமமாகப் போர்த்திக் கிடக்கும். ஆகவே ஆப்பு எங்கே முடிந்து போர்வை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், வயது தெரியாவிட்டாலும், எது முன், எது பின் என்பது தெரிந்துவிடும். அமைதியான கடலடியில் படிந்தவை நெடுந்தூரம் தொடரும் இணைகோடுகளாகத் தெரியும். பனி தள்ளிக் கொட்டிய குப்பை, கோடே இல்லாமல் கலங்கித் தெரியும். சாய்ந்த கோடுகளின் தலைகள் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருந்தால், அங்கே பனிப்பாளம் வந்து சுரண்டிப் போயிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ராஸ் கடல் முழுவதும் தொடரக்கூடிய இப்படிப்பட்ட அரிப்புத் தளங்களுக்கு, கீழிருந்து மேலாக ஆறு முதல் ஒன்று வரை எண் கொடுத்திருக்கிறார்கள்.

எண் கொடுத்தாயிற்று. வருடம்?

அதற்குத் துளைதான் வேண்டும். 1972 டிசம்பர் முதல் 1973 பிப்ரவரி வரை, ஆழ்கடல் துளையிடும் திட்டத்தின் 28ஆம் பயணத்தில் குளோமார் சாலஞ்சர் கப்பல் தென்கடலுக்கு வந்தது. ராஸ் கடலுக்குள் நான்கு இடத்தில் துளை போட்டது. அவற்றில் 270 என்ற எண்ணுள்ள துளை மத்திய மேட்டின் மேல். மேலிருந்து கீழே போகப் போகக் கூழாங்கற்கள் தெறித்த சாம்பல் களிமண். மிதக்கும் பனியிலிருந்து உதிர்ந்த கற்கள் அவை. அதன் அடியில் மெல்லிய பச்சை மணல். அதற்கும் கீழே உடைகல், பிறகு அடித்தள உருமாறிய பாறை. பனி உதிர்த்த அந்தக் கூழாங்கற்கள் சுமார் 2.5 கோடி ஆண்டுப் பழமையான படிவிலேயே இருந்தன. அண்டார்டிகாவில் பனி அப்போதே கடல்வரை வந்திருந்தது. பலர் அதுவரை எண்ணியதைவிட மிகப் பழைய காலம் அது.

அதே பயணத்தில் மற்றத் துளைகளில், எண்ணெய் இருக்கலாமோ என்று எண்ணவைக்கும் மீத்தேனும் கொஞ்சம் ஈத்தேனும் தென்பட்டன. ஆண்டு 1973. அந்த ஆண்டு இறுதியில் எண்ணெய் விலை என்ன பாடு பட்டது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980 முதல் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா, இத்தாலி என்று நாடுகள் ஒவ்வொன்றாக ராஸ் கடலுக்கு ஒலிக் கப்பல் அனுப்பின. எல்லாம் அறிவியலுக்காக என்றே சொல்லப்பட்டது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் கேபிளும் காற்றுத் துப்பாக்கியும் எண்ணெய் தேடுகிறவருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் ஒன்றுதான். எந்தக் கப்பல் எதற்காக வந்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இதற்கு அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகள் 1991இல் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அந்த ஆண்டு மாட்ரிட் நெறிமுறை கையெழுத்தாகி, அறிவியல் ஆய்வு நீங்கலாக எல்லாக் கனிம நடவடிக்கைகளும் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு, இந்த ஒலிப் பதிவுகளுக்கென்றே நில அதிர்வுத் தரவு நூலகம் ஒன்றும் உருவாயிற்று. விதி எளிமையானது. தரவு எடுத்தவர் நான்கு ஆண்டுக்குள் நூலகத்தில் கொடுக்கவேண்டும். அடுத்த நான்கு ஆண்டு, கூட்டு ஆய்வுக்காகப் பிறர் அங்கே வந்து பயன்படுத்தலாம். எட்டு ஆண்டு ஆனதும் யாருக்கும் திறந்துவிடப்படும். அறிவியல்தான் நோக்கம் என்றால் ஒளிக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவின் ஆலன் கூப்பர், நியூசிலாந்தின் ஃப்ரெட் டேவி முதலானோர் பல நாட்டுத் தரவையும் ஒன்றாக வைத்து உழைத்ததில், 1995இல் ராஸ் கடலுக்கு ஒரு முழுமையான நில அதிர்வு அட்லஸ் வெளிவந்தது. தனித்தனியாக வைத்திருந்தால் ஒவ்வொரு நாட்டின் கையிலும் சில கோடுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய வழக்குக்கு வருகிறேன். கேப் ராபர்ட்ஸ், விக்டோரியா லேண்ட் படுகையின் மேற்குக் கரையில் உள்ள ஒரு முனை. அதற்கு எதிரே கடலடியில் அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்து கிடப்பதை ஒலிப் படங்கள் தெளிவாகக் காட்டின. சாய்ந்த அடுக்குகளின் தலை கடல்தரையில் வெட்டுப்பட்டுக் கிடந்தால் ஒரு வசதி உண்டு. ஒரே இடத்தில் மிக ஆழமாகத் துளைக்க வேண்டியதில்லை. கரையை நோக்கி நகர்ந்து நகர்ந்து மூன்று துளை போட்டால், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பழைய அடுக்கில் தொடங்கும். மூன்றையும் கோத்தால் நீண்ட வரலாறு. அங்கே துளையிடும் திட்டம் எதிர்பார்த்த காலவரம்பு 3 கோடியிலிருந்து 10 கோடி ஆண்டு வரை. டைனோசர் காலத்தையும் எட்டிவிடலாம் என்று நம்பினார்கள். ஒலிப் படம் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. அடியில் தடித்த அடுக்குகள் தெரியத்தான் செய்தன.

துளைக்கும் மேடை கப்பலில் இல்லை. சுமார் இரண்டு மீட்டர் தடிமனுள்ள கடற்பனியின் மேல். வசந்தத்தில் பனி உடையும் முன் வேலையை முடித்துவிடவேண்டும். 1997இல் முதல் துளை 148 மீட்டர் போனபோது புயல் வந்து பக்கத்துப் பனி உடைந்தது, நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். 1998இல் 624 மீட்டர். 1999இல் மூன்றாவது துளை 939 மீட்டர் வரை இறங்கியது.

அந்த மூன்றாவது துளையில் 823 மீட்டரில் பிளவுப் படிவு முடிந்துபோயிற்று. அடுத்து வந்த மணற்கல் டெவோனியன் காலத்தது. கண்டக்குறுக்கு மலைகளின் உச்சியில் பார்க்கும் அதே தொகுதி, இங்கே முறிந்து கடலடிக்கு இறங்கியிருக்கிறது. அதன்மேல் நேராக உட்கார்ந்திருந்த மிகப் பழைய படிவின் வயது சுமார் 3.4 கோடி ஆண்டு. இரண்டுக்கும் நடுவே 30 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு காணவில்லை. 10 கோடி ஆண்டுக்கு எதிர்பார்த்துப் போனவர்கள் 3.4 கோடியோடு திரும்பினார்கள்.

ஒலி பொய் சொல்லிவிட்டதா? இல்லை. அடுக்குகளின் சாய்வு, தடிமன், வரிசை எல்லாம் படம் காட்டியபடியே இருந்தன. வயது மட்டும் மனிதர்கள் ஏற்றி வைத்தது. 'இவ்வளவு தடிமன் சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கும்' என்ற ஊகம் அது. உண்மையில் படுகையின் இந்த ஓரம் மிகத் தாமதமாக, ஆனால் மிக வேகமாகத் தாழ்ந்து நிரம்பியிருக்கிறது. இரண்டாவது இழுவைக் கட்டத்தை இன்று இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்கு இந்த ஏமாற்றமும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்து துளையிடும் திட்டங்களில் இதைவிடப் பயனுள்ள ஏமாற்றம் குறைவு.

2006-07 கோடையில் ஆண்ட்ரில் என்ற துளையிடும் திட்டம் வந்தது. இந்த முறை மேடை மெக்மர்டோ பனித்தட்டின் மேல். சுமார் 85 மீட்டர் பனி, அதன்கீழ் 850 மீட்டர் அளவில் தண்ணீர், அதற்கும் கீழே 1,285 மீட்டர் படிவு. முன்கூட்டியே பனியின் மேல் வெடி வைத்து எடுத்த ஒலிப் படங்கள்தான் இடத்தைத் தேர்ந்தன. வெளியே வந்த பாறை உருளைகளில் இரண்டு வகைப் பொருள் மாறி மாறி வந்தது. ஒன்று, கூழாங்கல் கலந்து இறுகிய கரும்சாம்பல் பனிப்படிவு. பனி தரையோடு கிடந்த காலம். மற்றது, கையில் எடுத்தால் கனமே தெரியாத வெளிறிய பச்சைப் படிவு; பெரும்பாலும் டயாட்டம் எனும் ஒற்றைச்செல் பாசிகளின் ஓடுகள் சேர்ந்தது. பாசி வளர வெயில் வேண்டும். அப்படியானால் மேலே பனித்தட்டு இல்லை, திறந்த கடல். ஏறக்குறைய 60 முறை இந்த மாற்றம். பிளயோசீன் காலத்தில் மட்டும் 80 மீட்டருக்கும் அதிகத் தடிமனில் ஒரே டயாட்டம் படிவு. அன்று காற்றில் கரியமில வாயு இன்றைய அளவை ஒட்டியே இருந்தது. பூமியின் அச்சுச் சாய்வின் 40,000 ஆண்டுத் தாளத்தோடு பனி வந்து போனது என்று ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள்.

நம் பேச்சுக்கு இதில் வேறொரு லாபம் இருக்கிறது. டயாட்டம் படிவு இலேசானது, ஒலி அதில் மெதுவாகப் போகும். பனிப்படிவு கனமானது, ஒலி வேகமாகப் போகும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் எதிரொலி பலமாக எழும். ஆக, படத்தில் தெரிந்த கறுப்புக் கோடு எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று இப்போது கைகாட்டிச் சொல்லலாம். துளை இருக்கும் இடத்தில் ஒரு கோட்டுக்கு வயதும் பொருளும் கிடைத்துவிட்டால், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து போகலாம். அடுத்த துளைவரை.

2018இல் ஜாய்டீஸ் ரெசொல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் அதைத்தான் செய்தது. ஒலிப் படத்தில் வெகுகாலமாகத் தெரிந்த தடித்த ஒரு அடுக்கைத் துளைத்து, மேற்கு அண்டார்டிகாவிலிருந்து பனி சுரண்டி வந்த பொருள் அது என்றும், சுமார் 1.77 கோடி ஆண்டுப் பழமை என்றும் காட்டினார்கள். அவ்வளவு முன்பே மேற்கு அண்டார்டிகாவில் பெரிய பனிப்போர்வை இருந்திருக்கிறது.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்ற கேள்வி வரும். மேற்கு அண்டார்டிகப் பனியில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் உட்கார்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அதன் அடியில் புக வழி உண்டு. கரைந்தால் உலகக் கடல்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் உயரும் என்பது கணக்கு. ஆனால் அந்தத் தரை எப்போதும் இவ்வளவு தாழ்வாக இருந்ததில்லை. கடலடிப் படிவை அடுக்கடுக்காகக் கணக்கிலிருந்து நீக்கி, அந்த மண்ணை வந்த இடத்துக்கே திருப்பி வைத்துப் பார்த்தால், 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கு அண்டார்டிகாவின் பெரும்பகுதி கடலுக்கு மேலே இருந்தது தெரிகிறது. அதே குளிருக்கு அன்றைய நிலம் தாங்கிய பனி வேறு, இன்றைய பள்ளம் தாங்கும் பனி வேறு. கணினி மாதிரிகளுக்கு இந்தப் பழைய நிலவடிவத்தைக் கொடுக்க ஒலிப் படங்களைவிட்டால் வழியில்லை. படிவின் கன அளவை அவைதான் சொல்லும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அண்டார்டிகா போகக் கப்பலும் கோடிக்கணக்கில் பணமும் வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். எட்டு ஆண்டு கடந்த தரவு அந்த நூலகத்தில் திறந்து கிடக்கிறது. 1980களில் எடுத்த கோடுகளை இன்றைய மென்பொருளில் மறுபடி ஓட்டினால், அன்று மறு எதிரொலியில் மறைந்திருந்த அடுக்குகள் வெளியே வருகின்றன. புதிய துளைகளின் வயதை அந்தப் பழைய கோடுகளில் ஏற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் நிறைய. ஒரு நல்ல கணினியும், கோட்டுக்கும் வயதுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காத புத்தியும் போதும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.